புனையா ஓவியம்: பள்ளிச் சித்திர வகுப்பின் வரலாறும் பயனும்

தோற்றுவாய்

தமிழில் ‘எழுது’ என்னும் வினைச்சொல் இரண்டு தொழில்களுக்கு உரியது. ஏட்டில் எழுத்தைப் பொறிப்பதும் எழுதுதல். சுவரில் உருவத்தைத் தீட்டுவதும் எழுதுதல். திருப்பரங்குன்றத்து ஓவியக் கூடத்தைப் பரிபாடல் ‘எழுத்துநிலை மண்டபம்’ என்றே குறிக்கின்றது. அங்கே காமனும் இரதியும் தீட்டப்பட்டிருந்தனர். அகலிகையின் கதையும் தீட்டப்பட்டிருந்தது. காண வந்தோர் ‘இது யார், அது யார்’ என்று வினவ, உடன் வந்தோர் விளக்கிச் சொன்னார்கள். ஓவியத்தைப் படிப்பதும் ஒரு கல்வியாக இருந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இந்நாளில் இவ்விரண்டு எழுத்துகளும் பிரிந்து போயின. ஒன்று பாடமாயிற்று, மற்றொன்று பொழுதுபோக்காயிற்று. கவிதையை நேசிக்கும் அன்பர்கள் கூடிப் பத்தாண்டுகள் நடத்தி வந்துள்ள நம் இலக்கிய வட்டத்தின் மலரில், உயர்நிலைப் பள்ளியின் சித்திர வகுப்பைப் பற்றி எழுத நேர்ந்த காரணம் இதுவே. அவ்வகுப்பு எங்கிருந்து வந்தது, எதைக் கற்பித்தது, அது மறைந்தால் எழுதுகோல் பிடிப்போர் எதை இழப்பர் என்பவற்றைக் கடலூரையும் சிதம்பரத்தையும் கண்முன் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

பழந்தமிழர் கண்ட ஓவியக் கல்வி

மதுரைக்காஞ்சி ஓவியரைக் ‘கண்ணுள் வினைஞர்’ என்கிறது. அவர்களுக்கு அது தரும் அடைமொழி கைத்திறனைப் பற்றியதன்று. நுணுகி நோக்கும் பார்வையைப் பற்றியது. ஓவியம் கையால் ஆவது என்று நாம் எண்ணுகிறோம். அது கண்ணால் ஆவது என்று மாங்குடி மருதனார் எண்ணினார்.

மணிமேகலையின் ஊரலர் உரைத்த காதை நாடக மகளிர் பயிலும் கலைகளைப் பட்டியலிடுங்கால், ஓவிய நூலையும் அவற்றுள் ஒன்றாக வைக்கின்றது. ஆகவே ஓவியத்திற்கு நூல் இருந்தது. அந்நூலை முறையாகக் கற்றோர் இருந்தனர். அவருள் பெண்டிரும் இருந்தனர் என்பது பெறப்படும். கோலம் போடுவது ஒன்றே பெண்களுக்குரிய வரைகலை என்று சுருக்கிக் காண்போர் இதனை நினைவிற் கொள்ளல் நலம்.

இவை எல்லாவற்றினும் நம் பொருளுக்கு நெருங்கியது ‘புனையா ஓவியம்’ என்னும் தொடர். வண்ணம் தீட்டப்பெறாமல், கோட்டளவில் நிற்கும் ஓவியம் என்பது இதன் பொருள். நெடுநல்வாடையில், கணவனைப் பிரிந்து அணிகலன் களைந்து கிடக்கும் அரசிக்கு இவ்வுவமை வருகிறது. மணிமேகலையில், பிச்சைப் பாத்திரம் ஏந்தி ஆதிரையின் மனையில் நிற்கும் மணிமேகலைக்கு இதே உவமை வருகிறது. ஒருத்தி துயரால் அணி துறந்தவள். மற்றொருத்தி துறவால் அணி துறந்தவள். இரண்டு புலவர்களும் வண்ணமற்ற கோட்டோவியத்தைக் குறையுடைய பொருளாகக் காணவில்லை. அணி நீங்கிய பின்னும் எஞ்சி நிற்கும் அழகாகவே கண்டனர். நல்ல ஓவியம் கோட்டளவிலேயே நிறைவு பெற்றிருத்தல் வேண்டும் என்னும் கொள்கை இவ்வுவமைக்குள் அடங்கியிருக்கிறது.

காலமும் இக்கொள்கையை மெய்ப்பித்துள்ளது. காஞ்சி கைலாசநாதர் கோயிலின் பல்லவ ஓவியங்களில் வண்ணம் பெரும்பாலும் உதிர்ந்து விட்டது. சோமாஸ்கந்தர் உருவத்தின் செங்காவிக் கோடுகள் இன்றும் உள்ளன. அணித்தே, பழைய தென்னார்க்காட்டுப் பகுதியாகிய பனமலையில், சுவரின் ஒரு மூலையில் எஞ்சியுள்ள பார்வதி உருவமும் தன் கோட்டின் வலிமையாலேயே வாழ்கிறது.

தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் கால ஓவியங்கள் நாயக்கர் கால ஓவியப் பூச்சின் கீழே பல நூற்றாண்டுகள் மறைந்து கிடந்தன. 1931-ஆம் ஆண்டில் அவற்றைக் கண்டுபிடித்து உலகறியச் செய்தவர் எஸ். கே. கோவிந்தசாமி. அவர் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுத்துறை ஆசிரியர். 1929-இல் தோன்றிய பல்கலைக்கழகம் இரண்டே ஆண்டுகளில் இத்தகைய கண்களை உடையதாயிருந்தது நமக்குப் பெருமை தருவதாகும்.

சிற்பியின் நூலும் நடுக்கோடும்

கோயிற் கலைஞர் தம் மக்களுக்கும் மாணாக்கருக்கும் கற்பித்த முறை பள்ளிக்கூட முறையன்று, பட்டறை முறை. ஆயினும் அதற்குத் திட்டமான இலக்கணம் உண்டு. உருவத்தின் உயரத்தைத் தாளம் என்னும் அளவால் வகுத்தனர். முகத்தின் நீளம் ஒரு தாளம். தாளம் ஒன்றுக்குப் பன்னிரண்டு அங்குலம். நவதாள உருவத்திற்கு 108 அங்குலம்; முதன்மைத் தெய்வங்களுக்குரிய உத்தம தசதாளத்திற்கு 124 அங்குலம். உச்சி முதல் அடி வரை இறங்கும் நடுக்கோட்டைப் பிரம்மசூத்திரம் என்றனர். உடல் அக்கோட்டினின்றும் எவ்வளவு விலகுகிறது என்பதைக் கொண்டே சமபங்கம், ஆபங்கம், திரிபங்கம் என நிற்கும் நிலைகளை வகைப்படுத்தினர்.

சிதம்பரம் நடராசர் கோயிலின் கோபுர வாயில்களில் நாட்டிய சாத்திரம் கூறும் 108 கரணங்களும் செதுக்கப்பட்டுள்ளன. கிழக்குக் கோபுரத்தில் அவற்றுக்குரிய சுலோகங்களும் பொறிக்கப்பட்டுள்ளன. ஒருவர் கையில் ஒரு தாளும் பென்சிலும் கொண்டு அவ்வாயிலில் நின்று, ஒவ்வோர் உருவத்திலும் நடுக்கோடு எங்கே ஓடுகிறது என்று மட்டும் குறித்துக்கொண்டே வருவாராயின், ஓவியத்தின் முதற்பாடங்களுள் பாதியை அங்கேயே கற்றுவிடலாம்.

கிருஷ்ணதேவராயர் காலத்தில் எழுந்த வடக்குக் கோபுரத்தில், அதனைக் கட்டிய கலைஞர்களின் உருவங்களே பெயர்ப் பொறிப்புடன் இடம்பெற்றுள்ளன. அளவுகோலுடன் நிற்கும் உருவமும் அங்குண்டு. விருத்தகிரி என்னும் பழம்பெயர் கொண்ட விருத்தாசலத்தைச் சேர்ந்தவரும் அவர்களுள் ஒருவர். மன்னர் பெயர் கல்வெட்டில் நிலைப்பது இயல்பு. அளவெடுத்த கையின் பெயரும் நிலைத்திருப்பது அரிது. அவ்வரிய சிறப்பு நம் மாவட்டத்துக்கு உரியதாயிருக்கிறது.

கடல் கடந்து வந்த பாடத்திட்டம்

நாம் பள்ளியில் கண்ட சித்திர வகுப்பு இந்தப் பட்டறையின் வழித்தோன்றல் அன்று. அதன் வேர் ஐரோப்பாவில் உள்ளது. சுவிட்சர்லாந்துக் கல்வியாளர் பெஸ்டலாட்சி, குழந்தை எழுத்துக் கற்குமுன் கோடும் கோணமும் கற்க வேண்டும் என்றார். கோட்டுக்கும் ஓர் அகரவரிசை உண்டு என்பது அவர் கருத்து. இங்கிலாந்தில் இக்கருத்துக்குத் தொழில் வேட்கை ஒன்றும் சேர்ந்தது. 1851-இல் இலண்டனில் நடந்த பெரும் பொருட்காட்சிக்குப் பின், தம் ஆலைப் பொருள்களின் வடிவழகு பிற நாட்டார் பொருள்களுக்குத் தாழ்ந்தது என்னும் கவலை ஆங்கிலேயரிடம் வலுத்தது. ஹென்றி கோல் என்பார் தலைமையில் கலைக்கல்வித் துறை சீரமைக்கப்பட்டது. ரிச்சர்டு ரெட்கிரேவ் 23 படிகள் கொண்ட பாடத்திட்டம் ஒன்றை வகுத்தார். கருவிகொண்டு வரையும் நேர்கோடு முதற்படி, கருவியின்றிக் கையால் வரையும் புறக்கோடு அடுத்த படி, பின்னர் நிழல், வண்ணமும் கற்பனைப் படைப்பும் நெடுந்தொலைவில். சவுத் கென்சிங்டன் முறை என்று பெயர் பெற்றது இதுவே.

சென்னையில் அலெக்சாண்டர் ஹன்டர் என்னும் மருத்துவர் 1850-இல் தம் முயற்சியில் ஓவியப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். 1855-இல் அரசு அதனை ஏற்றது. கல்கத்தாவிலும் பம்பாயிலும் இத்தகைய பள்ளிகள் அதே பத்தாண்டில் எழுந்தன. அவற்றின் வழியே சவுத் கென்சிங்டன் முறை இந்நாட்டுப் பள்ளிகளில் பரவியது. ‘ஃப்ரீஹேண்ட் அவுட்லைன்’, ‘மாடல் டிராயிங்’, ‘ஜியோமெட்ரிகல் டிராயிங்’ என்னும் பெயர்கள் வழக்கில் வந்தன. அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் லோயர், ஹையர் என்னும் இரு நிலைகள் அமைந்தன. அத்தேர்வுகளில் தேறிப் பயிற்சிச் சான்றிதழும் பெற்றவரே ‘டிராயிங் மாஸ்டர்’ ஆனார்.

இம்முறையின் மீது எழுந்த குற்றச்சாட்டுகள் பல. அவற்றுட் சில நியாயமானவை. இம்முறை கலைஞனை விடக் கையாளையே வேண்டியது. அச்சிட்ட ஐரோப்பிய இலைச்சுருளைப் பார்த்து வரையும் சிறுவன், தன் ஊர்த் தேரில் உள்ள கொடிச்சுருளைப் பார்க்கவில்லை. 1884-இல் சென்னைப் பள்ளியின் பொறுப்பேற்ற இ. பி. ஹேவல், இந்நாட்டுக் கைவினை மரபிலிருந்தே கற்பிக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். பின்னர் 1896-இல் கல்கத்தா சென்று அங்கும் இக்கொள்கையை நிலைநாட்டினார். வியன்னாவில் பிரான்சு சிசெக், குழந்தையின் ஓவியம் பெரியோர் ஓவியத்தின் குறைப்படி அன்று, அதற்கெனத் தனியழகு உண்டு என்று காட்டினார். சாந்திநிகேதனத்தில் 1919-இல் கலாபவனம் எழுந்தது. சென்னைப் பள்ளிக்கு 1929-இல் தலைமையேற்ற தேவி பிரசாத் ராய் சௌதுரியும், 1957-இல் அவரைத் தொடர்ந்த கே. சி. எஸ். பணிக்கரும் அதனைத் தொழிற்பள்ளி நிலையிலிருந்து கலைக்கூட நிலைக்கு உயர்த்தினர்.

ஆயினும் ஒன்று நோக்கத்தக்கது. ஆள்வோர் எந்நோக்கத்தோடு கொணர்ந்திருப்பினும், ‘ஃப்ரீஹேண்ட் அவுட்லைன்’ என்பது நம் புனையா ஓவியமே. மாடல் டிராயிங்கில் சாடியின் நடுவே முதலில் இடும் நேர்கோடு சிற்பியின் பிரம்மசூத்திரமே. தாளத்தால் அளந்த பட்டறையும், நீட்டிய கையில் பென்சிலைப் பிடித்து ஒரு கண்ணை மூடிக் கட்டைவிரலால் அளந்த பள்ளியும் ஒரே உண்மையை வேறு வேறு வாயில் வழி அடைந்தன. பகுதிக்கும் முழுமைக்கும் உள்ள உறவே உருவம் என்பதுதான் அவ்வுண்மை.

தெரிந்ததும் தெரிவதும்

1990-களில் கடலூரில் நான் பயின்ற பள்ளியில் சித்திர வகுப்பு வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ நடக்கும். முக்காலியின் மேல் ஒரு பித்தளைச் செம்பை வைத்துவிட்டு ஆசிரியர் எங்களைச் சுற்றி அமரச் செய்வார். ஏறத்தாழ அனைவரும் செம்பின் வாயை வட்டமாகவும் அடியை நேர்கோடாகவும் வரைவோம். வாய் வட்டமானது என்று நமக்குத் தெரியும். செம்பு தட்டையாக உட்கார்ந்திருக்கிறது என்றும் தெரியும். ஆசிரியர் ஒவ்வொரு தாளாகப் பார்த்துக்கொண்டே வந்து, “தெரிஞ்சதை வரையாதீங்க பிள்ளைகளா, தெரியறதை வரைங்க” என்பார்.

தமிழ் அறிந்தோர் இத்தொடரின் நுட்பத்தை உடனே உணர்வர். ‘தெரிதல்’ என்னும் ஒரே சொல் அறிதலுக்கும் காட்சிப்படுதலுக்கும் உரியது. அறிந்தது காட்சியை மறைக்கும் என்பது அவ்வாசிரியரின் பாடம். வட்டமான வாய், கண்மட்டத்துக்கு நேராக இருக்கையில் வெறும் கோடாகத் தெரியும்; கண்மட்டத்துக்குக் கீழே இறங்க இறங்க நீள்வட்டமாக விரியும். ஆகவே ஒரே செம்பில் வாயின் நீள்வட்டத்தை விட அடியின் வளைவு மிகுதியாதல் வேண்டும். இதனைச் சொல்லி ஏற்பது எளிது. கண்டு ஏற்பதற்குப் பல வாரங்கள் வேண்டும்.

இப்பாடத்திற்குக் கடலூரை விடச் சிறந்த வகுப்பறை வேண்டுமோ? தேவனாம்பட்டினம் கடற்கரையில் நின்று பார்த்தால் கடலும் வானும் கூடும் கோடு நம் கண்மட்டத்தில் இருக்கும். மணலில் அமர்ந்தால் அக்கோடும் நம்மோடு அமரும். கலங்கரை விளக்கின் மேல் ஏறினால் அதுவும் ஏறும். பார்ப்பவரை ஒட்டியே காட்சி அமைகிறது என்னும் தத்துவத்தை இதனினும் எளிதாகக் கற்பிக்க இயலாது. அவ்வாறே சிதம்பரத்தின் சன்னதித் தெருவில் நின்று கோபுரத்தை நோக்கினால், இருமருங்கிலும் உள்ள வீடுகளின் கூரை விளிம்புகள் கீழிறங்கியும், வாசற்படிகள் மேலேறியும் ஒரு புள்ளியை நாடிச் செல்லும். ஐரோப்பிய ஓவியர் பதினைந்தாம் நூற்றாண்டில் இலக்கணமாக வகுத்த தூரக்காட்சி விதி, நாள்தோறும் நாம் நடக்கும் தெருவில் எழுதப்பட்டிருக்கிறது.

இதற்கு மாறான முறையையும் அதே ஊரில் காணலாம். சிவகாமியம்மன் சன்னதி மண்டபத்தின் மேல்விதானத்தில் நாயக்கர் கால ஓவியங்கள் உள்ளன. பிட்சாடனர், மோகினி கதையும் மாணிக்கவாசகர் வரலாறும் அங்கே பட்டை பட்டையாக விரிகின்றன. அவற்றில் தூரக்காட்சி விதி இல்லை. முகங்கள் பக்கவாட்டில், கண்கள் முழுமையாக, கதை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடக்கிறது. இது அறியாமையன்று, வேறோர் இலக்கணம். அந்த ஓவியர் கண்டதை வரையவில்லை; கதையை எழுதினார். இரண்டு இலக்கணங்களையும் ஒருசேரக் கற்பிக்கும் பேறு சிதம்பரத்து மாணவர்க்கு வாய்த்துள்ளது. அதனைப் பயன்படுத்துகிறோமா என்பதே வினா.

கவிஞருக்கு இதனால் ஆவதென்ன?

எழுத்தும் ஓவியமும் ஒரு கையில் கூடிய சான்றுகள் நம்மிடையே உண்டு. நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை கவிஞராகப் புகழ் பெறுமுன் ஓவியராகவே அறியப்பட்டவர். தாகூர் தம் கையெழுத்துப் படிகளில் அடித்துத் திருத்திய வரிகளை இணைத்து உருவங்களாக்கினார். முதுமையில் அவர் பெற்ற ஓவியப் புகழுக்கு அத்திருத்தங்களே வித்தாயின. பணிக்கர் 1960-களில் ‘சொற்களும் குறியீடுகளும்’ என்னும் ஓவிய வரிசையில், படிக்க இயலாத எழுத்துகளையும் சாதகக் கட்டங்களையும் கொண்டே திரையை நிரப்பினார். பரிபாடலின் ‘எழுத்துநிலை’ அங்கே புதிய உருவில் மீண்டது எனலாம். அவர் 1966-இல் நிறுவிய சோழமண்டலம் இன்றும் ஓவியர் ஊராக உள்ளது.

இதழ்களின் பக்கத்தையும் நோக்குவோம். சென்னை ஓவியப்பள்ளியில் பயின்ற சில்பி, தமிழகக் கோயிற் சிற்பங்களை ஆனந்த விகடனில் கோட்டோவியங்களாகத் தந்தார். கும்பகோணம் ஓவியப் பள்ளியில் பயின்ற கோபுலுவின் கோடுகள் ஒரு தலைமுறையின் கதை மாந்தருக்கு முகம் கொடுத்தன. கே. எம். ஆதிமூலம் காந்தியடிகளின் நூற்றாண்டை ஒட்டி வரைந்த கோட்டோவியங்களும், சிற்றிதழ்களுக்கும் நூல்களுக்கும் அவர் தந்த உருவங்களும் நவீனத் தமிழ் எழுத்தின் தோற்றத்தையே மாற்றின. இவர்கள் யாவரும் கோட்டின் அரிச்சுவடியை ஒழுங்காகக் கற்ற பின்னரே கோட்டை மீறியவர்கள்.

இனிக் கவிதைக்கு வருவோம். கவியரங்குகளில் நாம் கேட்கும் பல கவிதைகளில் நிலவு உண்டு, நதி உண்டு, மழை உண்டு. எழுதியவர் அவற்றைக் கண்டாரா, அறிந்தாரா என்னும் ஐயம் எழுகிறது. செம்பின் வாயை வட்டமாக வரைந்த மாணவியைப் போலவே, நாமும் தெரிந்த நிலவை எழுதுகிறோம். தெரிகின்ற நிலவை எழுதுவதில்லை. சங்கப் புலவர் பரணரும் கபிலரும் கொக்கின் காலையும் குறிஞ்சிச் சாரலையும் நோக்கிய நோக்கு கண்ணுள் வினைஞரின் நோக்கு. அணிகளை அடுக்குமுன் கோடு சரியாக விழவேண்டும். வண்ணம் களைந்த பின்னும் நிற்குமா என்பதே கவிதைக்கும் உரைகல். ‘வரை’ என்னும் சொல்லுக்குக் கோடு, எல்லை, மலை என்று பல பொருள். எல்லை அறிந்து நிறுத்துவதும் வரைதலே என்பது கவிஞர் கற்கத்தக்க பாடம்.

இன்றைய நிலை

2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் நூற்றுக்கு மேற்பட்ட மாணவர் உள்ள பள்ளிகளுக்கு, கலைக்கல்விக்கெனப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. இதனை ஒட்டித் தமிழகத்தில் 2012-இல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டனர். அவர்களுக்கு அப்போது உறுதி செய்யப்பட்ட மாதத் தொகுப்பூதியம் 5,000 ரூபாய். வாரத்தில் மூன்று அரைநாள் வேலை. கலைக்கல்விக்குச் சட்டத்தில் இடம் கிடைத்தது. ஆனால் அந்த இடம் அரைநாள் இடம். பள்ளியின் முழு ஆசிரியராக நின்று, மரத்தடியிலும் கடற்கரையிலும் மாணவரை அழைத்துச் சென்று கற்பித்த ஓவிய ஆசிரியர் மரபு இதனால் நிலைபெறாது.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஓவியத்துக்கு மதிப்பெண் இல்லை. ஆகவே தேர்வு நெருங்கும் வகுப்புகளில் சித்திர வகுப்பு கணக்குக்கோ அறிவியலுக்கோ கடன் போகிறது, அக்கடன் திரும்புவதில்லை. இதில் ஒரு முரண் உண்டு. இதயத்தின் நான்கு அறைகளையும், பூவின் குறுக்குவெட்டையும், முக்கோணத்தின் சுற்றுவட்டத்தையும் வரையச் சொல்லி அத்தேர்வுகளே மதிப்பெண் தருகின்றன. வரையக் கற்பித்த வகுப்பைப் பறித்துக்கொண்டு, வரைபடத்துக்கு மதிப்பெண் இடுகிறோம்.

ஓவியம் கற்பிக்கும் தனிவகுப்புகள் நகரங்களில் உள்ளன. கட்டணம் செலுத்த இயல்வோரின் பிள்ளைகள் அங்குச் செல்வர். கடலூர் முதுநகரின் மீனவர் பிள்ளைக்கும், காட்டுமன்னார்கோயில் வயற்கூலியின் மகளுக்கும் பள்ளிச் சித்திர வகுப்பு ஒன்றே வாயில். அவ்வாயில் அடைபட்டால், படகின் வளைவை நாளெல்லாம் கண்டு வளரும் கண் தன் செல்வத்தை அறியாமலே மூடிக்கொள்ளும். அளவுகோலைப் பிடித்து வடக்குக் கோபுரத்தில் நின்ற விருத்தகிரிக் கலைஞரின் ஊருக்கு இது தகுமா?

நிறைவாக

பள்ளிச் சித்திர வகுப்பு அந்நியர் நட்ட செடிதான். ஆயினும் அது வேர்கொண்ட மண் கண்ணுள் வினைஞரின் மண். நட்டவர் வேண்டியது ஆலைக்கான கை. நமக்குக் கிடைத்தது காணும் கண். அதனைப் பேண இலக்கிய வட்டங்கள் செய்யக்கூடியவை உள. நாம் ஆண்டுதோறும் பள்ளி மாணவர்க்கு நடத்தும் கட்டுரை, கவிதைப் போட்டிகளோடு புனையா ஓவியப் போட்டி ஒன்றையும் சேர்க்கலாம். வண்ணம் வேண்டா, ஒரு பென்சிலும் ஒரு தாளும் போதும். ஆண்டுக்கு ஒருநாள், ஓவிய ஆசிரியர் ஒருவரைத் துணைக்கொண்டு மாணவரைச் சிதம்பரம் கோபுர வாயிலுக்கு அழைத்துச் சென்று கரணங்களை வரையச் செய்யலாம். சித்திர வகுப்பைக் கடன் கேட்கும் பள்ளிகளிடம், நம்முள் ஆசிரியராக உள்ளோர் பணிவுடன் மறுப்புச் சொல்லலாம்.

கவிஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கவிதையை எழுதுமுன், எழுத எண்ணிய பொருளின் முன் கால்மணி நேரம் அமர்ந்து அதனைக் கோட்டில் வரைந்து பாருங்கள். ஓவியம் நன்றாக வராவிட்டால் குற்றமில்லை. வரைந்து முடிக்கையில் அப்பொருளைப் பற்றி முன்பு அறியாத ஒன்றேனும் தெரிந்திருக்கும். கவிதை அவ்விடத்திலிருந்து தொடங்கட்டும்.

பத்தாண்டு நிறைந்த நம் வட்டம் மேலும் பல்லாண்டு எழுதுக.